புள்ளி இல்லாத கேபிள்

வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். ஆள் சின்னது, வாய் பெரியது. மனதில் பட்டதை உடனே சொல்லாவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும்.

இன்று பள்ளி ஆண்டு விழா. அக்கா முதல்முறையாக மேடையில் கிட்டார் வாசிக்கப் போகிறாள். ஒரு பலகையில் ஐந்து பெடல்களை வரிசையாக வைத்திருந்தாள். பெடல் என்றால் காலால் அமுக்கும் குட்டிப் பெட்டி. ஒன்றை அமுக்கினால் கிட்டார் உறுமும். இன்னொன்றை அமுக்கினால் கிணற்றுக்குள் கத்தியது போல எதிரொலிக்கும். ஒரு பெடலை அடுத்ததோடு இணைக்க ஒரு சாண் கேபிள் போதும். கடையில் விற்பதோ முழ நீளம்!

"நாமளே செஞ்சுக்கலாம்க்கா" என்றாள் மிளகு.

சூடு வைத்துப் பற்றவைக்கும் வேலையெல்லாம் இல்லை. கேபிளை கட்டரால் நேராக வெட்டி, பிளக்கின் துளைக்குள் முட்டும்வரை தள்ளி, திருகாணியை முறுக்கினால் முடிந்தது. ஆனால் கோணல்மாணலாக வெட்டினால் போச்சு. கேபிளின் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை போல மெல்லிய கம்பிகள். இரண்டும் தொட்டுக்கொண்டால் சத்தமே வராது.

மிளகு மூன்று கேபிள்கள் செய்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இது என் கம்பெனி முத்திரை!"

"உன் கம்பெனி ஆமை வேகத்துல போகுது. தள்ளுடி" என்று நான்காவதை அக்கா எடுத்துக்கொண்டாள். கட்டரைத் தேடப் பொறுமையில்லை. கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினாள்.

"ஐயோ, கத்தரிக்கோல் வேணாம்க்கா, நசுங்கிடும்!"

"எல்லாம் எனக்குத் தெரியும்."

வாசலில் அப்பா ஹாரன் அடித்துவிட்டார். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

மேடைக்குப் பின்னால் அக்கா கிட்டார் கம்பியை மீட்டினாள். சத்தமில்லை. மறுபடி மீட்டினாள். ம்ஹூம்!

"சின்னப் பொண்ணு செஞ்ச கேபிளா? அப்ப விளங்கின மாதிரிதான்" என்றான் அக்காவின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன்.

"எதிரொலி இல்லாம பாட்டை எப்படி ஆரம்பிக்கிறது? இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றாள் அக்கா. அவள் விரல்கள் நடுங்கின. கண்கள் நிறைந்துவிட்டன.

"இருங்க, ஒண்ணொண்ணா பாப்போம்" என்று மிளகு தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு பெடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒவ்வொரு கேபிளாக மாட்டினாள். முதல் கேபிள், டங்! இரண்டாவது, டங்! மூன்றாவது, டங்! நான்காவதை மாட்டினாள். கப்சிப்.

அதில் புள்ளி இல்லை.

மிளகு வாயைத் திறந்தாள். அக்காவின் நடுங்கும் விரல்களைப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்த விரல்கள் எப்படி வாசிக்கும்? வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கினாள். நிஜ மிளகையே விழுங்கியது போலத் தொண்டை எரிந்தது.

"இதான் கோளாறு. ரெண்டே நிமிஷம்."

பையிலிருந்து கட்டரை எடுத்தாள். நசுங்கிய நுனியை நகத்தளவு வெட்டி எறிந்தாள். முட்டும்வரை தள்ளினாள், முறுக்கினாள். கேபிள் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. பெடல்களை நெருக்கி வைத்து மாட்டினாள்.

டங்ங்ங்...!

"இனிமேலாவது ஒழுங்கா செய் பாப்பா" என்றான் அந்த அண்ணன்.

"சரிண்ணா."

அக்கா சட்டென்று திரும்பினாள். மிளகு எதிர்த்துப் பேசவில்லையா? குனிந்து பலகையைப் பார்த்தாள். கேபிள்கள் நான்கு, சிவப்புப் புள்ளிகள் மூன்று. அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. இறங்கி வந்த அக்கா, முதலில் டிரம்ஸ்காரனின் தோளைத் தட்டினாள்.

"டேய், அந்தக் கேபிளை இவ செய்யல. நான்தான் கத்தரிக்கோலால வெட்டிக் கெடுத்தேன்."

அவன் அசடு வழிந்தான். "ஸாரி பாப்பா. நீ ஏன் அப்பவே சொல்லல?"

"அக்கா நல்லா வாசிக்கணும்ல?"

அக்கா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு மிளகின் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, நான்காவது கேபிளிலும் ஒரு புள்ளி வைத்தாள்.

"இதுவும் இனி உன் கம்பெனிதான். இப்ப சொல்லு, என்ன சொல்லணுமோ சொல்லு."

"நான்தான் அப்பவே சொன்னேனே, கத்தரிக்கோல் வேணாம்னு!" என்று ஆரம்பித்தாள் மிளகு.

வீடு போய்ச் சேரும்வரை அந்த வாய் மூடவே இல்லை. அக்காவும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.