எதிர்க்காத ரத்தம்

சாப்பிட்டுக்கொண்டிருந்த தானியேல் கண்ணுக்கு முன்னால் கையை வீசி எதையோ விரட்டினான். அங்கே எதுவும் இல்லை.

"இன்னாங்க?" என்றாள் மெர்சி.

"கொசு. உன் ஃபினாயிலுக்கு அது பயப்படல."

மெர்சி தன் சிறுநீரகம் ஒன்றைக் கணவனுக்குக் கொடுத்து நான்கு மாதமாகிறது. அதை அவன் உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் மாத்திரைகள். சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கவரைப்பேட்டை வீட்டில் ஜன்னல் திறக்கவில்லை. இரும்பாலைத் தூசி கண்ணாடியில் செம்மண்ணாகப் படிந்து பகல் வெளிச்சத்தையே புண் நிறமாக்கியது. தட்டுகளைக் கொதிக்கவைக்கும் ஆவியும் ஃபினாயில் நெடியும் சுவரில் ஊறிக் கிடந்தன. பார்க்க வந்த அவன் தம்பி ராபினைக்கூட அவள் வாசலோடு அனுப்பிவிட்டாள்.

"ஜெயில்ல கூட மனு போட்டா பாக்க உடுவானுங்க," என்றான் தானியேல்.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கும்மிடிப்பூண்டி லேபில் ரத்தம் சோதிக்கக் கொடுத்தார்கள். வைரஸ் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. மெர்சி அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் லேப் டாக்டர் ஷமீமா அவளை வரச்சொன்னார்.

"கண்ல கொசு பறக்குதுன்னு போன்ல சொன்னியே, அதான் கூப்ட்டேன். அந்த ரிப்போர்ட்ட நம்பாதம்மா."

"ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு?"

"கிருமியோட உடம்பு சண்ட போட்ட தடயத்தத்தான் அந்த டெஸ்ட் தேடும். அவரு உடம்பு சண்டையே போடல. கிருமியவே தேடுற டெஸ்ட்டு மெட்ராஸ்லதான். இன்னிக்கே கூட்டினு போ. அந்தக் கிருமி கண்ணத் தாக்கும். கண்ணு போய்ட்டா திரும்பாது."

"ஊட்ட பூட்டியே வெச்சிருந்தேனே! எப்பிடி உள்ள வந்துச்சு?"

ஷமீமா சற்றுத் தயங்கினார். "நம்மள்ல முக்காவாசி பேர் உடம்புல அது தூங்கினு இருக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. உன் கிட்னியோட போயிருக்கும்மா."

திரும்பும் வழியில் ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக. முடியவில்லை. டீசல் புகை. வெயில். கடைசிப் பெட்டி போனதும் அவள் இறங்கி ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

தானியேல் வாசற்படியில். சட்டையில்லாமல்.

"மெர்சியா? கரண்டு எப்ப வரும்? கதவத் தொறந்தும் ஒரே இருட்டா கீது."

உச்சிப்பொழுது.

அவள் கையைத் துழாவிப் பிடித்து, தன் அடிவயிற்றுத் தையல் தழும்பின் மேல் வைத்துக்கொண்டான். சூடாக இருந்தது.

"உன்னுது மட்டும் ஜோரா வேல செய்து," என்று சிரித்தான்.

நிமிர்ந்த முகம். அகலத் திறந்த கண்கள். இமைக்காமல், நேராகச் சூரியனுக்குள்.