பத்தொன்பது விநாடிகள்

உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கான நியமக் கழகத்தில் நான் பதிவாளர். கூட்டத்தில் பேசுவதைப் பதிவது என் வேலை. சிலவற்றைப் பதியாமல் இருப்பதும் என் வேலைதான். பன்னிரண்டரைக்குத் தலைவர் கோதண்டபாணி "அமர்வு இடைநிறுத்தம்" என்பார். நான் பதிவுக் கருவியை அணைப்பேன். அதன் பிறகுதான் உருப்படியாக ஏதாவது நடக்கும்.

சாப்பாட்டு மேசையில் டிபன் டப்பாக்களை ஓரம் தள்ளிவிட்டு, பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்துக் கருவிகளைப் பையிலிருந்து எடுப்பார்கள். ஒருவருடையதை இன்னொருவருடையதோடு இணைத்து, சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒத்தியங்கு சோதனை என்று பெயர். நியமம், அதாவது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தர விதி, எழுதுவதுதான் கழகத்தின் அலுவல் பணி, சோதிப்பது அல்ல என்பது விதி. கழகத்தின் பெயரில் சோதித்தால் நிறுவனங்கள் வழக்குப் போட்டுவிடும். ஆகவே மேசையில் கண்டதை யாரும் வெளியே சொல்வதில்லை. பழுது தெரிந்தால் சத்தமில்லாமல் கருவியின் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார்கள்.

நாற்பது தாண்டிய உடம்பில் எல்லாம் இரண்டு சீராக்கிகளாவது இருக்கிற காலம் இது. என் கணவர் சேந்தனுக்கு இதயத்தில் ஒன்று, மூச்சுக்கு ஒன்று. வெவ்வேறு நிறுவனங்கள். மார்ச் மாதம் ஒரு மதியம் அதே ஜோடி மேசைக்கு வந்தது. ஆபத்து நேரத்தில் ஒரு கருவி மற்றதற்கு வழிவிட வேண்டும் என்பது நியமம். இரண்டுமே வழிவிட்டன. பத்தொன்பது விநாடிகள் எதுவும் இயங்கவில்லை. நான் தயிர்சாதத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அடுத்த பதிப்புல சரி பண்ணிருவோம்க்கா" என்றாள் மூச்சுச் சீராக்கியின் பொறியாளர் நூர்ஜஹான்.

"ஏற்கெனவே உள்ள வச்சிருக்கறத?"

அவள் இரண்டு கருவிகளின் இணைப்பையும் கழற்றினாள். உள்ளே இருப்பதை மாற்ற மருத்துவமனைக்குப் பழுது அறிக்கை வேண்டும். அறிக்கைக்கு அலுவல்முறைச் சோதனை வேண்டும். அப்படி ஒன்று கிடையாது. அன்றிலிருந்து தினமும் சேந்தன் தூங்கும்போது மூச்சை எண்ணினேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது.

ஜூனில் அந்தக் கேள்வியே தீர்மானமாக வந்தது: சோதனையும் அலுவல் பணியா? இரண்டரை மணி நேரம் பேசினார்கள். எனக்கு வாக்கு இல்லை. தீர்மானம் தோற்றது.

"நாம நியமம் எழுதறவங்க, மங்கைம்மா. போலீஸ் இல்ல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கோதண்டபாணி எழுந்தார். பசியிலும் வாக்குவாதத்திலும், சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைகளைச் சொல்லவில்லை. எல்லோரும் மேசைக்குப் போனார்கள். விதிப்படி அமர்வு இன்னும் நடந்துகொண்டிருந்தது, என் பதிவுக் கருவியும் ஓடிக்கொண்டிருந்தது.

நூர்ஜஹான் பழைய ஜோடியை எடுத்து, இதயச் சீராக்கி நிறுவனத்துப் பொறியாளருக்கு அந்தப் பழுதைக் காட்டினாள். மறுபடியும் பத்தொன்பது விநாடிகள். தலைவருக்கு நான் நினைவுபடுத்தியிருக்கலாம். எந்த உணர்ச்சியும் வரவில்லை. கருவியை அணைக்கவும் இல்லை.

அமர்வில் பதிவானது அலுவல்முறைச் சோதனையாகவே கணக்கு, அதை நீக்க விதியில்லை. ஒரே வாரத்தில் அறிக்கை வெளியானது. சேந்தனுக்குக் கருவியை மாற்றினார்கள். அவரைப் போன்ற பதினோராயிரம் பேருக்கும் மாற்றினார்கள்.

அடுத்த கூட்டத்தில் கோதண்டபாணி இடைநிறுத்தத்தை இரண்டு முறை அறிவித்தார். மேசையில் சாப்பாடு மட்டும் இருந்தது. கருவிகளை இணைக்கக் கூடாது என்று எல்லா நிறுவனங்களும் தங்கள் பொறியாளர்களுக்கு எழுத்தில் கொடுத்திருந்தன.

நூர்ஜஹானுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அவர் எப்படிக்கா இருக்காரு?"

"நல்லா இருக்காரும்மா."

"சந்தோஷம்க்கா." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "எங்க வாப்பாவுக்குப் போன வாரம் மூணாவது கருவி ஒண்ணு வச்சாங்க. புதுக் கம்பெனி. அந்த மாடல இன்னிக்கி இங்க வச்சுப் பாத்துரலாம்னு கொண்டாந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பை அவள் காலடியில் இருந்தது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதைத் திறக்கும்படி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.