கரையாத மாத்திரை

திடீர் மழை... அடையாறு பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் முண்டியடித்து ஒதுங்கினார்கள். அந்த நெரிசலில் யாரோ ஒருவனின் முழங்கை ஹம்சினியின் பையில் இடித்தது. பையிலிருந்த பாட்டில் நழுவி விழுந்து சிதறியது. பால் போன்ற திரவம் மழைநீரோடு ஓடியது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? மூணு நாள் அரைச்ச மருந்து!"

"ஸாரிங்க... நிஜமாவே பார்க்கல."

அவனுடைய நனைந்த இமைகளுக்குள் அத்தனை வருத்தம்... திட்ட வந்த மீதி வார்த்தை அவளுக்கு மறந்தே போயிற்று.

மறுநாள் அவள் ஆய்வகத்தில், மாத்திரை அழுத்தும் மெஷினுக்குப் புதிதாக வந்து நின்றவன் அவனேதான். பாலகணேஷ். தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடை இருக்க, மெஷின்தான் வேண்டும் என்று வந்தவன்.

ஹம்சினியின் மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. கண்ணுக்குத் தெரியாத நானோ துகளாக அரைத்தால்தான் கரையும். அரைத்த திரவத்தை உறையவைத்து, உலர்த்தி, பொடியாக்கி, பிறகு மாத்திரை ஆக்கவேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவர் அனந்தராமன் மாத்திரையைப் பார்க்க வருகிறார். கொட்டிப்போனதை அவசர அவசரமாக மறுபடி செய்து கொடுத்தாள்.

பாலகணேஷ் அழுத்திய மாத்திரை தண்ணீரில் கல்லாய்க் கிடந்தது.

"உங்க மெஷின் நசுக்கிடுத்து! துகளெல்லாம் ஒட்டிண்டுடுத்து."

"அழுத்தம் கம்மியாத்தாங்க வச்சேன். காயவைக்கும்போதே ஒட்டியிருக்கும்... பொடியை ஒருதடவை பாருங்களேன்."

"எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

இரண்டு நாள் பேச்சே இல்லை. ஆனாலும் அடுத்த அறையில் அவன் சிரித்தால் இவள் பேனா நின்றது... ஏன் நிற்கிறது?

வியாழனன்று, யாருமில்லாத நேரத்தில், மிச்சப் பொடியைத் தண்ணீரில் கலக்கினாள். கட்டி கட்டியாய் அடியில் தங்கியது. துகள்கள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் சர்க்கரையை அவசரத்தில் பாதிதான் போட்டிருக்கிறாள்!

முகம் சுட்டது. அவனிடம் சொல்லப்போனால், அவன் மேஜைமேல் தலைவருக்கு எழுதிவைத்த அறிக்கை. 'அழுத்தம் கூடிவிட்டது. தவறு என்னுடையது. பாலகணேஷ்.'

அறிக்கையோடு நேரே அனந்தராமனிடம் போனாள். "தப்பு என்னோடது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வாரம் தரேன். சரி பண்ணும்மா."

அந்த வாரம் அவள் சர்க்கரையை அளந்து போட்டாள். அவன் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்தான். புதன்கிழமை மாலை, புது மாத்திரை தண்ணீரில் விழுந்து, பொலபொலவென்று உதிர்ந்து, வெண்புகையாய்க் கரைந்தது. குவளைமேல் இரண்டு முகமும் குனிந்திருந்தன... மிக அருகில்.

"இப்பவாவது சொல்லுங்கோ. அன்னிக்கு ஏன் பொய் எழுதினேள்?"

"அவர் முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நிக்கறதை... என்னால பார்க்க முடியாதுங்க." அவன் குரல் இறங்கியது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

"இதாவது நிஜமா?"

"சத்தியமா."

"அப்போ..." அவள் நிமிரவே இல்லை. "எனக்கும்தான்."