போதும் பொத்தான்

ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் எட்டரைக்கே வந்துவிட்டான். வீட்டில் யாரும் இல்லாதவர்கள் எங்கும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

பழைய நர்சிங் ஹோம். மூடிப் பல வருடமாகிறது. இரண்டாம் மாடியின் பெரிய வார்டை ஒரு கேம் கம்பெனி மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தது. கட்டில்கள் கிடந்த இடத்தில் இப்போது மேசை, கம்ப்யூட்டர், நாற்காலி. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மார்பளவு பலகைத் தடுப்பு. திரையில் வெளிச்சம் விழாமலிருக்க ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே காலை என்று சொல்ல எதுவும் இல்லை. பினாயில் வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.

வேறு ஆஸ்பத்திரி, வேறு தெரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மனைவி போய் ஏழு மாதம்.

"வா தம்பி." தரையில் முட்டிபோட்டு வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் வயரக்கா. "சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"பொய்யைக்கூட உனக்கு ஒழுங்கா சொல்ல வரல."

சலிப்பை அளப்பது அவன் வேலை. கம்பெனியின் ஆட்டத்தை இணையத்தில் லட்சம் பேர் சேர்ந்து ஆடினார்கள். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை புது அத்தியாயம் வரும். பெயர்தான் புதிது. கோட்டைக் கதவு திறக்கும், மூன்று சாவி தேட வேண்டும், காவல்காரனைக் கொல்ல வேண்டும், பெட்டி திறக்கும். அடுத்த அத்தியாயத்தில் சுவரின் நிறம் மாறியிருக்கும். பனிக்கோட்டை, மணல்கோட்டை, கடல்கோட்டை. கொஞ்ச நாளாக ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகிக்கொண்டிருந்தார்கள். ஒரே அச்சில் வார்ப்பதுதான் காரணமா என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும்.

அதற்காகப் பத்துப் பேரை உட்காரவைத்து ஒரே நாளில் எட்டுச் சுற்று ஆடவிடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிவப்புப் பொத்தான். மேலே 'போதும்' என்று எழுதியிருக்கும். அலுக்கும்போதெல்லாம் அமுக்கலாம். அமுக்கினால் ஆட்டம் நிற்காது. வார்டின் கோடியில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய திரையில், அந்த இருக்கையின் வரிசையில் ஒரு புள்ளி விழும். அவ்வளவுதான். அவன் பார்த்துக் குறித்துக்கொள்வான், பேசக் கூடாது. அவனிடம் இருந்தவை இரண்டு பொத்தான்கள். ஒன்று 'அடுத்த சுற்று'. மற்றது 'விடுவி'. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட.

ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டான்.

அவன் முதல் சுற்றைத் தொடங்கினான். திரையில் பத்து வரிசையும் எரிந்தன.

"அக்கா, பத்துல யாரு?"

"யாருமில்ல. சும்மா ஆன்ல இருக்கும்." அவள் போய்ப் பத்தாம் மேசையின் பிளக்கைப் பிடுங்கி, தூக்கிக் காட்டினாள்.

திரையில் பத்தாம் எண் போட்ட சின்ன உருவம் கோட்டைக் கதவுக்குள் நுழைந்தது.

"லைன் எங்கயோ கலந்திருக்கு. விடு, அப்புறம் பாக்கறேன்."

மூன்றாம் சுற்றில் புள்ளிகள் விழத் தொடங்கின. ஐந்தாம் சுற்றில் மழைபோலக் கொட்டின. மூன்றாம் இருக்கையிலிருந்த டாக்சி டிரைவர் ஹெட்போனைக் கழற்றினார். "இந்தக் காவல்காரனை இதோட அஞ்சாவது தடவை கொல்றேன் சார். என்னைப் பார்த்தாலே அவனுக்குக் கொட்டாவி வருது." வார்டே சிரித்தது. ஏழாம் இருக்கைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான்காம் சுற்றோடு அவர் பொத்தானைத் தொடுவதை விட்டுவிட்டார். முகத்தில் ஒன்றுமில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தார். அவரைப் பற்றி அவன் அறிக்கையில் நாலு வரி எழுதினான்.

ஆறாம் சுற்று.

பத்தாம் வரிசையில் ஒரு புள்ளி.

கொஞ்சம் இடைவெளி. பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல இன்னொன்று.

அவன் கை நின்றது. ஆஸ்பத்திரியில் அழைப்பு மணியை அப்படி அமுக்குகிற ஒருத்தி இருந்தாள். ஒருமுறை அமுக்குவாள். நர்சுக்கு எரிச்சல் வருமோ என்று காத்திருப்பாள். பிறகு பட்டும் படாமல் மறுபடி.

ஆடுபவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் சாட் பெட்டியில் ஒரே ஒரு சொல் வந்தது.

"ஏங்க."

"யாருப்பா அது, ஏங்கன்னு கூப்பிடறது?" டாக்சி டிரைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "என் வீட்டுக்காரி உள்ள பூந்துட்டாளா? கேம் ஆடறேன்னு சொல்லாம வந்திருக்கேன்யா!"

மறுபடி சிரிப்பு. அவன் எழுந்து நின்று தடுப்புக்கு மேலாகப் பார்த்தான்.

பத்தாம் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

அவன் மனைவிக்கும் கீமோ மருந்து இருபத்தொரு நாளுக்கு ஒருமுறைதான். அதே கட்டில், அதே பாட்டில், கையில் நரம்பு கிடைக்காமல் அதே நாலு குத்து, வீட்டுக்கு வந்து அதே நாலு நாள் வாந்தி. ஆறாவது தடவை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள், "போதும்ங்க." டாக்டர் முடிவை அவனிடம் விட்டிருந்தார். "இன்னும் ரெண்டே ரெண்டுதான்" என்றான். இரண்டு, நாலாயிற்று. நாலு, ஆறாயிற்று.

எட்டாம் சுற்று முடிந்தபோது மணி நாலு. ஒன்பது பேரும் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு கிளம்பினார்கள். வயரக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

"பத்தை விடுவிச்சுட்டு மூடு தம்பி. ஆளில்லாத சீட்டு ரிப்போர்ட்ல வந்தா கம்பெனிக்காரன் குடைவான்."

"விடுவிச்சா திரும்ப வருமாக்கா?"

"எது?"

"பத்து."

"எப்படி வரும்? அதோட போச்சு." அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதுல என்னடா இருக்கு, திரும்ப வரதுக்கு?"

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போய் ஓய்ந்தது.

அவன் 'அடுத்த சுற்று' பொத்தானை அமுக்கினான்.

ஒன்பதாம் சுற்று. புள்ளி. இடைவெளி. புள்ளி. பினாயிலுக்கு அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. மருந்து ஏறிய உடம்பின் வாடை. நாக்கில் இரும்புக் காசை வைத்ததுபோல.

பத்தாம் சுற்று. சின்ன உருவம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தது. இரண்டாம் சாவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது.

"போதும்ங்க."

இது சாட் பெட்டியில் வரவில்லை.

பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவன் வாய் தானாகத் திறந்தது. பழகின வாய்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

பதினோராம் சுற்றில் புள்ளி விழவில்லை. பன்னிரண்டிலும் விழவில்லை. உருவம் எழுந்தது, சாவிகளை எடுத்தது, காவல்காரன் வாளை ஓங்கியபோது விலகாமல் நின்றது, விழுந்தது, மறுபடி எழுந்தது. கேட்கவில்லை. அவனுக்குள் ஏதோ இளகியது. பிடித்துப்போய்விட்டதோ?

அப்போதுதான் ஏழாம் இருக்கையைப் பற்றி எழுதிய வரிகள் கண்ணில் பட்டன.

'பொத்தானை அமுக்குவதை நிறுத்திவிட்டு ஆடிக்கொண்டே இருப்பவருக்குச் சலிப்புத் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எல்லோரிலும் அவரே அதிகம் களைத்தவர். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டவர்.'

கடைசி இரண்டு மாதம் அவளும் எதுவும் கேட்கவில்லை. "இப்ப தெம்பா இருக்கா டாக்டர், போதும்னு சொல்றதே இல்ல" என்று அவன்தான் போய்ச் சொன்னான்.

விரலை 'விடுவி'யின் மேல் வைத்தான்.

பலகைக்கு அப்பால் மூச்சுச் சத்தம். நீண்டு, இழுத்து, காத்திருக்கும் மூச்சு.

அமுக்கினால் போதும். வலி இல்லை, கோட்டை இல்லை, இருபத்தொரு நாள் இல்லை. அவள் போய்விடுவாள்.

அவள் போய்விடுவாள். அவன் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் யாரும் அவனை ஏங்க என்று கூப்பிடமாட்டார்கள்.

விரல் நகர்ந்தது.

'அடுத்த சுற்று.'

கோட்டைக் கதவு உடனே திறக்கவில்லை. பலகைக்கு அப்பால் மூச்சு நின்றது. பத்தாம் நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது. எழுந்திருக்கப் போன ஒருவர் மறுபடி உட்கார்வதுபோல.

பிறகு, சாட் பெட்டியில், எழுத்தெழுத்தாக வந்தது.

"சரிங்க."