கடைசி வந்தாச்சு

எதிரொலி தப்பான பக்கத்திலிருந்து வந்தது. டீச்சர் கத்தியது மேலே மலையைப் பார்த்து. மலையில் பட்டுத் திரும்ப வேண்டிய குரல், முதுகுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியிலிருந்து வந்தது. அங்கே அவர்களை இறக்கிவிட்ட வேனையும் ஈரப் புல்லையும் தவிர வேறொன்றும் கிடையாது. குரல் மோதித் திரும்ப ஒரு சுவர்கூட இல்லை.

"கடைசி வந்தாச்சு!" என்றது புல்வெளி. அச்சு அசல் அவள் குரல்.

"மலையில சத்தம் அப்படித்தாங்க டீச்சர், இஷ்டத்துக்குச் சுத்தும்," என்று கைடு சிரித்தார். "ஆனா உங்க குரல் இருக்கே, அடேயப்பா! எனக்கு விசிலே வேணாம்."

குரலைப் பாராட்டினால் டீச்சருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அவள். மைதானத்தின் இந்த மூலையில் நின்றபடி, அந்த மூலையில் மரத்தடியில் பதுங்கியிருப்பவனைக் குரலாலேயே இழுத்துவந்து நிறுத்துவாள். அதனால்தான் கைடு அந்தக் கையில்லாத ஆரஞ்சு மேல்சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டார். வழக்கமாக வரிசையின் கடைசியில் நடக்கும் அவருடைய ஆளுக்குக் காய்ச்சலாம். ஆகவே இன்றைக்கு டீச்சர்தான் கடைசி ஆள்.

"வேலை ஒண்ணும் பிரமாதமில்ல," என்றார் கைடு. "நான் முன்னாடி போவேன். அப்பப்போ கூப்பிடுவேன். நீங்க 'கடைசி வந்தாச்சு'ன்னு பதில் சொல்லணும். யாரையும் தாண்டிப் போகக் கூடாது, யாரையும் பின்னாடி விட்டுட்டும் வரக் கூடாது. கடைசி வந்தாச்சுன்னா எல்லாரும் வந்தாச்சு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாதையை விட்டுக் கண்ணை எடுத்தா எனக்கே ஆபத்து."

கூட்டம் என்றும் சொல்ல முடியாது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஒருவர் தோளை ஒருவர் விடாமல். கேமராவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கும் ஒரு பெரியவர். அப்புறம் டீச்சர், அவளுடைய நாத்தனார் குட்டி. வயசு முப்பதைத் தாண்டியும் அண்ணன் வைத்த செல்லப்பேர் போகவில்லை.

குட்டியை மலைக்குக் கூட்டிவருவதற்குள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவள் அறையை விட்டு வெளியே வந்ததில்லை. வந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றாள். துணி எடுக்கப் போன டீச்சர்தான் இடுப்பைக் கட்டிப்பிடித்து இறக்கினாள். அன்றிலிருந்து குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. டீச்சர் கண்கொத்திப் பாம்பாகக் காவல். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒரு நாள் இந்த மலை முனையின் படத்தைக் காட்டி, "இங்க போலாமா அண்ணி?" என்று கேட்டுவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது.

"மாடியிலயே அவளைத் தனியா விட முடியல, மலைக்குக் கூட்டிட்டுப் போறியா? உனக்கு மூளை கீளை இருக்கா?" என்று குதித்தார் டீச்சரின் கணவர்.

"முழுசாக் கூட்டிட்டு வந்து உங்க கையில ஒப்படைக்கறேன். போதுமா?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. சும்மா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

பாதை மரங்களுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகி, மக்கிய இலையும் ஈரப் பட்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. காலடியில் ஊசியிலைகள் மெத்தென்று கிடந்ததால் முன்னால் போகிறவர்களின் நடை கேட்கவில்லை, எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் இரைச்சல் மட்டும் ஒரு பக்கம் கேட்டு, வளைவு திரும்பினால் இன்னொரு பக்கம் கேட்டது. டீச்சர் குட்டியின் சால்வை நுனியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நீலச் சால்வை. அது கண்ணில் இருக்கும்வரை பயமில்லை.

"ஓ...ய்!" என்று மேலேயிருந்து கைடின் குரல் வந்தது.

"கடைசி..." குளிர்காற்று தொண்டையில் அடைத்து இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "...வந்தாச்சு!" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கீழே மரங்களுக்குள்ளிருந்து எதிரொலி எழுந்தது. "கடைசி வந்தாச்சு!"

டீச்சர் நின்றுவிட்டாள். எதிரொலியில் இருமல் இல்லை.

காது அடைத்திருக்கும், உயரம் ஏறினால் அப்படித்தான் என்று தன்னையே அதட்டிக்கொண்டு நடந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் முதுகு கூசியது. ஒவ்வொரு முறையும் எதிரொலி வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டத்தில்.

மலை முனையில் மரம் இல்லை. ஒரு இரும்புக் கம்பி வேலி, அதற்கு அப்பால் ஆகாயம், ஆகாயத்துக்கு அப்பால் பனிமலைகள் வரிசையாக வெயிலில் நின்றன. கேமராக்காரர் வாயைப் பிளந்து படம் எடுக்கவே மறந்துபோனார். டீச்சருக்கு மலையாவது ஒன்றாவது. அவள் கம்பி வேலியை ஆட்டிப்பார்த்து, குட்டியின் சால்வையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி," என்றாள் குட்டி மெதுவாக. "குதிக்க மாட்டேன்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதத்தில் இருவருமே அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"சத்தியமா. அன்னிக்கு என்னவோ... இப்ப இல்ல. பசிக்குது எனக்கு. முட்டை இருக்கா?"

இருந்தது. குட்டி அவித்த முட்டையை உரித்து, ஒரே கடியில் பாதியைத் தின்றாள். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. பசிக்குது என்று சொல்லிவிட்டாள் என்று வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும், மனுஷன் அழுதே விடுவார். டீச்சருக்கே கண் நிறைந்துவிட்டது. சால்வையை விட்டாள்.

"ஆனா அண்ணி, வழியெல்லாம் ஏன் என்னைக் கூப்பிட்டுட்டே வந்தீங்க? உங்களுக்கு முன்னாடிதானே நடந்தேன்."

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

"குட்டி, குட்டின்னு. நீங்கதான். திரும்பிப் பார்த்தா ஒண்ணும் தெரியாத மாதிரி நடந்து வர்றீங்க." சிரித்தாள். "கிண்டல்தானே?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் கைடு கை தட்டினார். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. கீழே காடு இல்லை, ஓடை இல்லை, எல்லாம் வெள்ளை.

"கிளம்புங்க, கிளம்புங்க! இது வந்துட்டா கை நீட்டினா கை தெரியாது. டீச்சர், இனிமே உங்க குரல்தான் எனக்குக் கண்ணு."

அவர் சொன்னது சரிதான். பாதி வழி இறங்குவதற்குள் முன்னால் போன ஜோடி மறைந்தது, கேமராக்காரர் மறைந்தார். குட்டியின் நீலச் சால்வை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் மங்கலாக ஆடியது. நனைந்த கம்பளியின் வாடை. இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர். பக்கத்தில் கேட்பது தூரத்திலா, தூரத்தில் கேட்பது காதருகிலா என்று பிடிபடவில்லை.

அப்போது பார்த்து குட்டி நின்றாள். "அண்ணி, அவசரம். அந்தப் பாறைக்குப் பின்னாடி போயிட்டு வந்துடறேன்."

"வா, நானும் வரேன்."

"இங்கயுமா?" குட்டியின் முகம் சுருங்கியது. "வீட்லதான் தாழ்ப்பாள் இல்ல. ஒரே ஒரு தடவை நம்புங்களேன், அண்ணி. திரும்பி நில்லுங்க."

அந்த முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது? டீச்சர் திரும்பி நின்றாள்.

நின்ற சமயத்தில் கைடு கூப்பிட்டார். "ஓ...ய்!"

நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பார்கள். ஆம்பிளைகள் நடுவில் குட்டி கூனிக் குறுகிப்போவாள், மறுபடி அறைக்குள் போய் அடைந்துகொள்வாள். இதோ ஒரு நிமிடத்தில் ஓடிப்பிடித்துவிடலாம். நின்ற இடத்தில் நின்றுகொண்டு டீச்சர் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"கடைசி வந்தாச்சு!"

"சரி!" காலடிகள் கீழே தேய்ந்தன. இந்த முறை எதிரொலி வரவில்லை. டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வரவே இல்லை.

பாறைக்குப் பின்னாலிருந்து குட்டியின் குரல் கேட்டது.

"இதோ வரேன் அண்ணி."

டீச்சர் கூப்பிடவே இல்லை.

"குட்டி?"

"இருங்கன்னா... அதுக்குள்ள என்ன அவசரம்? அங்க எப்ப போனீங்க?" குரல் நகர்ந்துகொண்டிருந்தது. பாறையின் மறுபக்கமாக. கீழ்நோக்கி.

டீச்சர் ஓடினாள். பாறைக்குப் பின்னால் மிதிபட்ட புல். ஆளில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு ஒரு ஒற்றையடித் தடம் கீழே இறங்கி, வெள்ளைக்குள் போனது.

"குட்டி! நில்லு! அது நானில்ல! நான் இங்க இருக்கேன்!"

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மைதானத்தை அதிரவைக்கும் குரல், மூடுபனியில் பஞ்சில் குத்தியது போல் செத்து விழுந்தது. தடத்தில் இறங்கினாள். சறுக்கினாள். உள்ளங்கை கிழிந்தது. எழுந்தாள்.

"ஓ...ய்!" கைடு. ரொம்பக் கீழே.

மூச்சை இழுத்தாள். நில்லுங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுக்கும் கைடுக்கும் நடுவிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

"கடைசி வந்தாச்சு!"

அவள் குரல். தெளிவாக. தெம்பாக.

"நில்லுங்க! அய்யோ, நில்லுங்க! அது நானில்ல!"

கீழே காலடிகள் நின்றன. கடவுளே. கேட்டுவிட்டது.

"என்ன டீச்சர்? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லைங்க!" என்றது அவள் குரல், சிரித்துக்கொண்டே. "நீங்க நடங்க, நடங்க!"

காலடிகள் மறுபடி நகர்ந்தன.

டீச்சர் ஓடினாள். விழுந்து ஓடினாள். கத்திக்கொண்டே ஓடினாள். குட்டி. குட்டி. ஒவ்வொரு கத்தலுக்கும் தொண்டையில் ஏதோ உரிந்து குறைந்தது. கத்தல் கரகரப்பானது. கரகரப்பு காற்றானது. பிறகு வாய் மட்டும் திறந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

மரங்கள் முடிந்தன. தடம் ஒரு செங்குத்து விளிம்பில் அறுந்து நின்றது. அவளுக்கு நேர் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், புல்வெளி. மூடுபனி அங்கே கலைந்திருந்தது. வேன் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜோடி ஏறியது. கேமராக்காரர் ஏறினார்.

நீலச் சால்வை ஏறியது. அதற்குப் பின்னால் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருத்தி.

டீச்சர் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். ஆரஞ்சு மேல்சட்டை அவள் மேலேயே இருந்தது.

கல்லை எடுத்து எறிந்தாள். அது வேனை எட்டாமல் புல்லில் விழுந்து சத்தமில்லாமல் உருண்டது. கைடு கதவருகே நின்று ஒரு முறை மேலே பார்த்தார். டீச்சர் இரண்டு கையையும் ஆட்டினாள். அவருடைய பார்வை அவளைக் கடந்து, மரங்களைக் கடந்து, இறங்கி வந்தது.

"டீச்சர், எல்லாரும் வந்தாச்சா?"

"கடைசி வந்தாச்சு!" என்றது வேனுக்குள்ளிருந்து.

கதவு சாத்தப்பட்டது. டீச்சர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் குதித்தாள். கணுக்கால் மடங்கியது. வலி தலைக்கேறியது. புல்லில் கையூன்றித் தவழ்ந்தாள். வேன் பின்வாங்கி, திரும்பி, அவளுக்குப் பக்கவாட்டில் மெதுவாக வந்தது. ஜன்னல் கண்ணாடி மிகக் கிட்டத்தில் நகர்ந்தது.

குட்டி உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் தெரிய, வயிறு குலுங்க, கல்யாணத்துக்கு முன்னால் சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. பக்கத்தில் இருப்பது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதன் முகம் குட்டியின் பக்கம் திரும்பியிருந்தது; பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது பேசப் பேச, புல்லில் கிடந்த டீச்சரின் நாக்கு தானாகப் புரண்டது. உதடுகள் தானாகக் குவிந்து, தானாக விரிந்தன. அது சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் வாய்க்குள் சத்தமில்லாமல் உருவானது.

பயப்படாதே குட்டி. தூங்கு. வீடு வந்ததும் எழுப்பறேன். உங்க அண்ணன் காத்துட்டிருப்பார்.

குட்டி நிம்மதியாகக் கண்ணை மூடி அதன் தோளில் சாய்ந்தாள். ஒரு கை அவள் தலையைத் தடவிக்கொடுத்தது. தடவிக்கொண்டே மெல்ல இறங்கி, சால்வையை விலக்கி, கழுத்தைச் சுற்றி வளைத்து நின்றது. விரல்கள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இன்னும் மிச்சம் இருந்தன.