முழு மதிப்பெண்

தேநீர் வலது உதட்டோரம் வழிந்து தாடையில் இறங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை. சட்டையில் சூடு பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். "சின்னக் குழந்தையா நீ?" என்று தன்னையே திட்டிக்கொண்டு, துடைத்துவிட்டுப் பயிற்சிக் கூடத்தின் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

நர்ஸிங் மாணவிகளின் தேர்வில் நோயாளியாக நடிப்பது அவள் பிழைப்பு. வயது முப்பத்தொன்று. இன்றைய வேடம் பக்கவாதம். எல்லாம் தலைகீழ்ப் பாடம்: முகம் தொங்கும், ஒரு கை விழும், பேச்சு குழறும், நாலரை மணி நேரம் தாண்டுவதற்குள் ஊசி போட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை, "இந்த வயசுல யாருக்கு வருது?" என்று போன மாதம் அலமாரியில் தூக்கிப்போட்ட மகராசியும் இவள்தான்.

தலைக்கு மேலே குழல்விளக்கு விடாமல் ரீங்கரித்தது, ரப்பர் விரிப்பின் வாடையும் ஸ்பிரிட் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின, கதவுக்கு வெளியே செருப்புகள் சரசரத்தன. அப்போதுதான் தன் வலப்பக்கம் ஒரு கை கிடப்பதைப் பார்த்தாள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதைப்போல. அது அவளுடைய கை. அசையவில்லை.

இடது கையால் அதைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் தொப்பென்று விழுந்தது.

முதல் மாணவி வந்துவிட்டாள். பின்னால் ஆசிரியை, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க... வலது பக்கம் தொங்குது மேடம். ரெண்டு கையையும் தூக்குங்க... வலது கை வரல மேடம்."

நடிப்பை நிறுத்த 'நிஜம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அங்கே அதுதான் ஏற்பாடு. சொன்னாள். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. "ந்... ழ்ழ..."

"பேச்சும் குழறுது. இது பக்கவாதம் மேடம். உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

"கூப்பிட்டாச்சுன்னு எழுதிக்கோ. முழு மார்க்."

இடது கையால் ஆசிரியையின் சேலையைப் பற்றினாள். விடவில்லை. ஆசிரியை சிரித்தபடி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "என்னம்மா நடிப்பு இது! இன்னும் பதிமூணு பேர் இருக்காங்க, அப்படியே இரு."

ஆளுக்கு இருபது நிமிடம். நாலரை மணி நேரத்துக்குள் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். எண்கள் கலைந்தன. பயம் மட்டும் கலையவில்லை.

இரண்டாவது மாணவி. மூன்றாவது.

"மேடம், அழறாங்க."

"பார்த்துக் கத்துக்கோ. இப்படித்தான் இருக்கும்."

ஆசிரியை கைதட்டினாள். ஐந்தாவது. எல்லாருமே சரியாகச் சொன்னார்கள். ஒருத்தி கூடத் தவறவில்லை. எச்சில் தலையணையில் ஊறியது. வலப்பக்கச் சுவர் அவள் பார்வையிலிருந்து காணாமல் போயிருந்தது.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே மிச்சமிருந்தவர்கள் வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

முகம். கை. பேச்சு. நேரம்.

முகம். கை. பேச்சு. நேரம்.