திருப்பப் போறேன், அம்மா

விடுதி வாசலில் தகரப் பெட்டியை இறக்கி வைத்த அப்பா, அதன் பூட்டை மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"பூட்டு நல்லாத்தான் இருக்குப்பா."

"சும்மா பார்த்தேன். சாப்பாடு ஒத்துக்கலேன்னா சொல்லு. உடம்புக்கு ஏதாவதுன்னா உடனே போன் பண்ணு."

"இங்க இருக்கிற எல்லாருமே நர்ஸாகப் போறவங்கதானேப்பா. உடம்புக்கு ஏதாவதுன்னா என்னை வச்சே பாடம் நடத்திடுவாங்க."

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா போன பிறகு அவர்கள் வீட்டில் எல்லாச் சிரிப்பும் பாதியில்தான் நின்றது.

பள்ளியின் கடைசி வருடம் முழுவதும் அம்மா படுக்கையில் கிடந்தாள். காலையில் சீருடை மாட்டிய கையோடு அம்மாவின் விரிப்பை மாற்றிவிட்டுத்தான் மகள் பள்ளிக்கு ஓடுவாள். எப்படி மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கையால் அம்மாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடியிலிருந்து விரிப்பை உருவுவாள். அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்தது. அது ஆறுவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அந்தப் புண்தான் மகளை இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. முதல் வருடம் அடிப்படைப் பயிற்சி. அதில் தேறினால்தான் நர்சிங் படிப்புக்குள் நுழைய முடியும்.

பயிற்சி அறை ஒரு காலத்தில் நோயாளிகள் இருந்த வார்டு. உயரமான ஜன்னல்கள், துரு ஏறிய இரும்புக் கட்டில்கள், எவ்வளவு கழுவினாலும் போகாத பினாயில் வாசம். கடைசிக் கட்டிலில், பழகுவதற்காக ஆளுயரப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று மல்லாந்து கிடந்தது. மாணவிகள் அதற்கு வைத்திருந்த பெயர் மாமியார்.

"எவ்வளவு செஞ்சாலும் வாயத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாது. அதான் அந்தப் பேரு," என்று விளக்கினாள் அறைத் தோழி. அவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் வாயாடி.

"அங்க என்ன சிரிப்பு?" என்றார் ஆசிரியை. "இங்க பாருங்க. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாத்தணும். தொடறதுக்கு முன்னாடி சொல்லணும். 'அம்மா, திருப்பப் போறேன்'னு. சொல்லாமத் தொட்டா பயத்துல உடம்பு விறைச்சிடும், வலி கூடும். தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. தூக்கக் கூடாது. இழுக்கவே கூடாது. இழுத்தா தோல் உரிஞ்சு புண்ணாயிடும்."

மகளின் கையிலிருந்த விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது.

இவ்வளவுதானா? இவ்வளவு சின்ன விஷயமா?

அவள் முறை வந்தபோது கை எழவில்லை. "சாயங்காலம் தனியா வந்து பழகிப் பாரும்மா," என்று ஆசிரியை அன்பாகவே சொன்னார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகளில் நீர் வழிய, நீண்ட அறை முழுவதும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கடைசிக் கட்டிலுக்குப் போனாள். உள்ளே வெற்றுக் காற்று அடைத்த பொம்மை. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.

"அம்மா, திருப்பப் போறேன்."

தோளில் ஒரு கை. இடுப்பில் ஒரு கை.

கனத்தது.

பினாயில் வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம் மெல்லக் கிளம்பியது. பவுடரும் களிம்பும் வியர்வையும் கலந்த வாசம். ஒரு வருடம் முழுக்க அவள் சீருடையில் ஒட்டியிருந்த வாசம்.

அவள் திருப்பினாள். வெகுநேரம் ஒரே பக்கம் படுத்திருந்தவர்கள் விடுவதைப் போல ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

அது அவளுடைய மூச்சு இல்லை.

வெள்ளை விரிப்பில், பொம்மையின் இடுப்பு இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு சீழ் கசிந்தது போல ஈரமாக ஒரு மஞ்சள் கறை.

எப்படி விடுதிக்கு ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"மாமியார்... கனக்குதுடி."

"எந்த மாமியாருடி கனக்கல?" என்று ஆரம்பித்த வாயாடி, அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிக்கொண்டு ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். "என்னை வந்து கூட்டிட்டுப் போங்கப்பா. இங்க ஒரு கட்டில்ல... அம்மா வாசம் வருதுப்பா."

மறுமுனையில் அப்பா எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவ போன பிறகும் அந்த ரூம்லேர்ந்து முனகல் கேட்டுட்டே இருந்துச்சு கண்ணு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல. நீ கிளம்பின நாள்லேர்ந்து அது இல்ல. அந்தச் சத்தம்கூட இல்லாம வீட்ல இருக்கவே முடியல." அவர் குரல் இறங்கியது. "அங்க வந்துட்டாளா? அவளுக்கு... இன்னும் வலிக்குதா?"

கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவள் அதன்பின் கேட்கவில்லை.

தினமும் வகுப்பு முடிந்ததும் பயிற்சி அறைக்குப் போனாள். பயம் போகவில்லை. பயந்தபடியே சொல்வாள், திருப்புவாள், மாற்றுவாள். திருப்பும்போதெல்லாம் பொம்மையிடமிருந்து எழுந்த முனகல் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வந்தது. கறை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் அது கடுகளவாக இருந்தது.

புண் ஆறுகிறது என்று மகிழ்ந்தாள்.

மறுகணம் இன்னொன்றும் தோன்றியது. ஆறிவிட்டால், அம்மா இங்கே எதற்கு இருக்க வேண்டும்?

மறுநாள் அவள் போகவில்லை.

அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. கட்டிலில் முகம் புதைத்துக் கிடந்தாள். வாயாடி கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மீண்டும் போனபோது, வாசலிலேயே முனகல் கேட்டது. கறை பழையபடி பரந்திருந்தது. 'இருக்கிறாள், அம்மா போகவில்லை!' கண் இமைக்கும் நேரம் அவள் மனம் துள்ளியது. எதைக் கண்டு துள்ளினோம் என்று புரிந்ததும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

"வலியிலயாவது நீ இருக்கணும்னு நினைச்சுட்டேனே. நானெல்லாம் ஒரு பொண்ணாம்மா?"

மூடிய பிளாஸ்டிக் உதடுகள் அசையவில்லை. ஆனாலும் கேட்டது.

"நேரமாச்சு, தங்கம். ஸ்கூலுக்குக் கிளம்பு. எனக்கு ஒண்ணும் வலிக்கல."

ஒவ்வொரு காலையும் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா சொன்ன பொய் அது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள்.

"அம்மா, திருப்பப் போறேன்."

பிறகு ஒரு நாளும் அவள் தவறவில்லை. விரிப்பு முழுதும் வெள்ளையாக, உலர்ந்து கிடந்த மாலையும் வந்தது. தோளிலும் இடுப்பிலும் கை வைத்து வழக்கமான பலத்தோடு திருப்பினாள். பொம்மை சட்டென்று எகிறிக் கட்டில் கம்பியில் மோதியது. காலிக் குடம் போல ஓசை எழுப்பியது.

அந்த ஓசை அடங்கும்வரை அவள் அசையவில்லை.

"ஆறிடுச்சுப்பா," என்றாள் போனில்.

மறுமுனையில் அப்பா அழுவது கேட்டது. "நல்லாப் பார்த்துக்கிட்டே கண்ணு," என்றார்.

பயிற்சியில் தேறியவர்களை முதன்முதலாக உண்மையான வார்டுக்கு அனுப்பினார்கள். வெயில் பளீரென்று அடித்த முற்பகல். கால் முறிந்து, கட்டுப் போட்டுக் கிடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அவளுக்கு ஒதுக்கப்பட்டார். கனத்த உடம்பு. இரண்டு பேர் வேண்டும். புதிய விரிப்பு எடுத்து வரப் போன வாயாடியை இன்னும் காணோம். ஓட்டுநரோ ஒரே பக்கம் படுத்து வலி தாங்காமல் நெளிந்தார்.

"ஐயா, திருப்பப் போறேன்."

தனியாகவே கை வைத்தாள். அவ்வளவு பெரிய உடம்பு, காற்றில் இலை புரள்வது போல மெல்லப் புரண்டது. இப்போது அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. முதுகு அவளைப் பார்த்திருந்தது.

"நேத்து வந்தவங்க இழுத்த இழுப்புல உயிரே போயிட்டு வந்துச்சு," என்றார் நிம்மதியாக. "நீங்க ரெண்டு பேரும் பஞ்சு மாதிரி திருப்பிட்டீங்க."

விரிப்புகளோடு வாயாடி அப்போதுதான் கதவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஓட்டுநர் தலையைச் சற்றே உயர்த்தி, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பரிவோடு கேட்டார்:

"ஏம்மா, உங்க கை மட்டும் இப்படி ஜில்லுனு இருக்கு?"